ஜெர்பாத் தீவின் யூதர்கள்: ஓர் அமானிதத்தின் வரலாறு



திருக்குர்ஆனில் வேறெந்த நபியின் பெயரைக் காட்டிலும் மிகுதியாக இடம்பெறுவது மூஸா (அலை) அவர்களின் பெயர். நம் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்குப் பனூ இஸ்ராயீல் கூட்டத்தாரின் வரலாறு ஏறத்தாழ மனப்பாடம். ஆயினும் அக்கூட்டத்தாரின் வழித்தோன்றல் ஒருவரையேனும் நேரில் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? வேதத்தில் அவர்களை ஓதுகிறோம். அங்கிருந்து நேரே இன்றைய செய்தித்தாளுக்கு வந்துவிடுகிறோம். இடைப்பட்ட ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நம் நினைவில் இல்லை. அக்காலம் நெடுகிலும் முஸ்லிம் நாடுகளின் தெருக்களில், அரபியைத் தாய்மொழியாகப் பேசி, நம்மவரோடு கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்ந்த யூதர்கள் இருந்தனர். அவர்களில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகச் சிலரைக் காணும் வாய்ப்பு, சென்ற ஆண்டு துனீசியாவின் ஜெர்பாத் தீவில் எனக்குக் கிட்டியது.

கைரவானின் ஜாமிஆப் பள்ளியையும் துனிஸ் நகரின் ஸைத்தூனாவையும் காண்பதே எங்கள் பயணத்தின் நோக்கம். மாலிகீ மத்ஹபின் பெருநூலான முதவ்வனாவைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) வாழ்ந்த ஊரைப் பார்த்தபின், உடன் வந்த ஆலிம் ஒருவரின் யோசனையால் தெற்கே பயணம் நீண்டது. காபிஸ் வளைகுடாவில், ஒலிவ மரங்களும் பேரீச்ச மரங்களும் வெண்சுண்ணம் பூசிய வீடுகளுமாகக் கிடக்கும் தட்டையான தீவு ஜெர்பா. ரோமர் காலத்திலேயே அதனைப் பெருநிலத்தோடு இணைக்கும் கடற்பாலம் அமைக்கப்பட்டிருந்தது. தீவின் தலைநகர் ஹூமத் ஸூக். அதன் அருகே ஹாரா கபீரா. உள்ளே தள்ளி ஹாரா ஸகீரா. 'பெரிய குடியிருப்பு, சிறிய குடியிருப்பு' என்பதே இப்பெயர்களின் பொருள். இரண்டும் யூதர்களின் ஊர்கள். 1948ஆம் ஆண்டளவில் துனீசியா முழுவதும் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் வாழ்ந்தனர். இன்று ஏறத்தாழ 1,500 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தீவில்தான் இருக்கின்றனர்.

இவர்கள் இங்கு வந்தது எப்போது என்பதற்கு அவர்களிடம் ஒரு மரபுக்கதை உண்டு. கி.மு. 586இல் பாபிலோனிய மன்னன் புக்து நஸ்ஸர் பைத்துல் முகத்தஸை இடித்தபோது, ஸுலைமான் (அலை) அவர்கள் எழுப்பிய அந்த ஆலயத்தின் குருமார் சிலர் தப்பிக் கடல் கடந்து வந்தனராம். இடிபாட்டிலிருந்து ஒரு கல்லையும் உடன் கொணர்ந்தனராம். அக்கல்லை உள்வைத்துக் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுவதே ஹாரா ஸகீராவின் அருகிலுள்ள 'அல்கரீபா' என்னும் தொழுகைக்கூடம். ஹாரா ஸகீராவின் குடும்பத்தார் பெரும்பாலும் 'கோஹன்' என்னும் குருமார் குலத்தவர். வரலாற்றாசிரியர்கள் இக்கதையை மரபாகவே கொள்கின்றனர். இன்றுள்ள கட்டடமும் அத்துணைப் பழமையானதன்று. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இடிந்த ஓர் ஆலயத்துக்காக, இத்தீவின் முதியோர் அணியும் கால்சட்டையின் ஓரத்தில் கறுப்புப் பட்டை தைத்துத் துக்கம் காட்டும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது என்பது கதையன்று.

'கரீபா' என்றால் அந்நியப் பெண். தனியே வாழ்ந்து மறைந்த ஒரு வேற்றூர்ப் பெண்ணின் நினைவாக அப்பெயர் வந்தது என்பர். 'கரீப்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், இவ்வுலகில் வழிப்போக்கனைப் போல் வாழுமாறு நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குக் கூறிய அறிவுரை எந்த ஆலிமுக்கும் நினைவு வராமற் போகாது.

வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டி, சோதனைக் கருவியைக் கடந்தபின்னரே உள்ளே செல்லலாம். நீல ஓடுகள் பதித்த சுவர்கள். நீல வண்ணம் தீட்டிய தூண்கள். உட்கூடத்தின் வாசலில் நின்ற பணியாளர் என் காலைச் சுட்டிக் காட்டினார். அங்கே செருப்புடன் நுழையலாகாது. உலகின் பெரும்பாலான யூதக் கூடங்களில் இவ்வழக்கம் இல்லை, இங்குண்டு. தலையை மூட வேண்டும் என்பதும் விதி. என் தொப்பி அதற்குப் போதுமானதாயிற்று. முதியவர் இருவர் சுவரோரப் பலகையில் அமர்ந்து, உடலை முன்னும் பின்னும் அசைத்தவாறு ஓதிக்கொண்டிருந்தனர். ஹிஃப்ழு வகுப்பைக் கண்டவர்க்கு அந்த அசைவு புதிதன்று.

ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் இங்கு யாத்திரை நடைபெறும். திருமணமாக வேண்டியவர், பிள்ளைப்பேறு வேண்டுபவர் ஆகியோரின் பெயரை முட்டையின் மீது எழுதி, பீடத்தின் அடியிலுள்ள குகைபோன்ற அறையில் வைப்பர். அக்கம்பக்கத்து முஸ்லிம் பெண்களும் முட்டை கொண்டுவந்து வைப்பது நெடுநாள் வழக்கம். நம்மூரில் எதை எங்கே நேர்ந்துகொள்கின்றனர் என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. அதன்மீது மார்க்கத் தீர்ப்புக் கூறுவதற்கு இக்கட்டுரை இடமன்று.

ஜெர்பாவின் முஸ்லிம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீவின் பழைய குடிகளுள் பெரும்பகுதியினர் இபாளிய்யாப் பிரிவினர். பெர்பர் மொழி பேசியோர். பின்னர் மாலிகீ மத்ஹபினரும் பெருகினர். ஆக, பெரிய முஸ்லிம் உலகினுள் தாமே சிறுபான்மையாக வாழ்ந்த ஒரு முஸ்லிம் கூட்டத்தார்தாம் இந்த யூதர்களின் அண்டை வீட்டார். பகைவர் கண்ணில் படாதவாறு நிலத்தடியில் அமைத்த பள்ளிவாசல்களை இத்தீவில் இன்றும் காணலாம். ஒளிந்து தொழ நேர்ந்தவர்க்கு அடுத்தவரின் தொழுகைக்கூடம் உறுத்தவில்லை போலும். இது என் ஊகம். பண்ணைகளாகச் சிதறிக் கிடந்த முஸ்லிம் குடியிருப்புகளும், செறிந்து வாழ்ந்த யூத ஊர்களும், அனைவரும் கூடும் சந்தையும் சேர்ந்த இவ்வமைப்பையே 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அல்கரீபாவும் அதில் அடங்கும்.

ஹூமத் ஸூக் சந்தையில் பொன், வெள்ளி வேலை செய்வோர் தலைமுறை தலைமுறையாக யூதர்களே. முஸ்லிம் மணப்பெண்ணின் நகையைச் செய்தது யூதக் கை. சனிக்கிழமை அவர்களின் கடைகள் மூடப்பட்டிருக்கும்; வெள்ளிக்கிழமை எங்கள் ஜும்ஆ நேரத்தில் திறந்திருந்தன. ஒரு பொற்கொல்லரின் கடையில் அமர்ந்து நெடுநேரம் உரையாடினேன். நான் பேசியது நஹ்வுப் பாடத்தின் அரபி. அவர் பேசியது தீவின் அரபி. முதலில் சிரித்தார், பின்பு எனக்காகச் சொற்களை நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் ஓதிக்கொடுப்பவன் என்று அறிந்ததும், மாலையில் ஹாரா கபீராவுக்கு அழைத்துச் சென்று, பிள்ளைகளுக்குத் தவ்ராத் கற்பிக்கும் ஒருவரிடம் விட்டார். ஆசிரியரை அங்கே 'ரிப்பி' என்று அழைக்கின்றனர்.

அவருடைய பாடமுறையை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகள் காலையில் அரசுப் பள்ளிக்குச் செல்கின்றனர். மீதிப் பொழுது வேதப் பாடம். தவ்ராத்தின் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த இசையில் ஓதுவது என்பன ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குச் செல்பவை. தஜ்வீதை ஏட்டிலிருந்து மட்டும் கற்க முடியாது என்று நாம் சொல்வதும் இதையே. அதன்பின், ஹீப்ரு வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரபியில் பொருள் சொல்லிப் பிள்ளைகள் ஒப்பிக்கின்றனர். இந்தப் பதவுரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'ஷரஹ்'! நம் கிதாபுகளின் ஓரத்தில் இருக்கும் அதே ஷரஹ். பத்தாம் நூற்றாண்டில் தவ்ராத்தை அரபியில் பெயர்த்த யூத அறிஞர் ஸஅதியா, தம் மொழிபெயர்ப்புக்கு இட்ட பெயரும் 'தஃப்ஸீர்' என்பதே. தருமத்துக்கு நாம் ஸதகா என்போம். அவர்கள் ஸெதாகா என்பர். நமக்கு ஸவ்மு; அவர்க்கு ஸோம். நமக்கு ஹஜ், அவர்களுடைய யாத்திரைப் பெருநாள் ஹாக்.

அந்த ஷரஹை ஏட்டில் எழுதும்போது அரபுச் சொற்களை ஹீப்ரு எழுத்தில் எழுதுகின்றனர். பேசுவது அண்டை வீட்டாரின் மொழி. எழுதுவது வேதத்தின் எழுத்து. இதைக் கண்டதும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழைப் பற்றி அவருக்குச் சொன்னேன். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் நம் ஆண், பெண் அனைவரும் மார்க்கம் கற்கும்பொருட்டு அவ்வாறே எழுதினார்கள் என்றேன். ஒரு தாளை நீட்டி, எழுதிக் காட்டச் சொன்னார். தமிழின் 'ங', 'ட', 'ப' ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதல் புள்ளிகள் சேர்த்ததை அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அரபியில் உள்ள, ஹீப்ருவில் இல்லாத ஒலிகளுக்குத் தங்கள் எழுத்தின் மேல் தாங்களும் புள்ளி இடுவதுண்டு என்று அடுத்த வரியில் எழுதிக் காட்டினார். மொழியியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அந்த ஒரு தாள் விளக்கிவிட்டது.

பிரான்சின் யூத அமைப்பொன்று வட ஆப்பிரிக்கா எங்கும் நவீனப் பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது, ஜெர்பாவின் ரப்பிமார் மட்டும் அதை ஏற்க மறுத்துவிட்டனர். ஆங்கிலக் கல்வியை நம் ஆலிம்களில் சிலர் மறுத்த காலத்தை இது நினைவூட்டும். துனிஸ் நகரத்து யூதர்கள் பிரெஞ்சு கற்று மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் உயர்ந்தனர். ஜெர்பாவினர் பொற்பட்டறையிலேயே இருந்தனர். ஆனால் அந்தப் படித்த சமூகம் ஏறத்தாழ முழுவதும் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டது. மறுத்தவர்களின் தெருவில்தான் இன்றும் பிள்ளைகளின் ஓதும் குரல் கேட்கிறது. மறுத்தவர்கள் அறிவை வெறுத்தவர்கள் என்றும் சொல்ல இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிறு தீவிலேயே ஹீப்ரு அச்சகங்களை நிறுவி, நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டிருக்கின்றனர். எது இலாபம், எது நட்டம் என்று கணக்கிடுவது எளிதன்று.

துனீசிய மண்ணில் இரு சமூகத்தாரின் அறிவுறவு இதைவிட மிகப் பழமையானது. பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் ஆட்சியாளர்களின் மருத்துவராக விளங்கியவர் இஸ்ஹாக் இப்னு ஸுலைமான் அல்இஸ்ராயீலி என்னும் யூதர். காய்ச்சல்களைப் பற்றி அவர் அரபியில் எழுதிய நூல் பின்னர் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. அவரிடம் பயின்ற முஸ்லிம் மாணவரே, 'ஸாதுல் முஸாஃபிர்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ நூலை இயற்றிய இப்னுல் ஜஸ்ஸார்.

நம் கடற்கரைக்கும் அங்கிருந்து ஒரு தொடர்பு உண்டு. துனீசியாவின் மஹ்தியா நகரத்தவரான இப்ராஹீம் இப்னு யீஜூ என்னும் யூத வணிகர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூருக்கு வந்து, 1149 வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு வெண்கலப் பட்டறை நடத்தினார். இந்நாட்டு அடிமைப் பெண்ணான அஷூ என்பவரை 1132இல் விடுதலை செய்து மணந்தார். அவர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமான அரபுக் கடிதங்கள், ஹீப்ரு எழுத்தில், கெய்ரோவின் பழைய யூதக் கூடமொன்றின் ஏட்டறையில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து வெளிவந்தன. அவர் இந்தியாவில் இருந்தபோது, நார்மானியர்கள் மஹ்தியாவைக் கைப்பற்றினர். அவருடைய உடன்பிறந்தார் சிசிலியில் போய்ச் சேர்ந்தனர்.

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் வரலாறாகாது. வேதத்தையுடையோரின் உயிர், உடைமை, வழிபாடு ஆகியவற்றைக் காப்பது முஸ்லிம் ஆட்சியின் மீதுள்ள அமானிதம். 'திம்மா' என்னும் சொல்லே பொறுப்பைக் குறிப்பது. ஒப்பந்தத்தில் உள்ளவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வாதிடுவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த அமானிதம் மீறப்பட்ட காலங்களும் இருந்தன. 1159-60இல் முவஹ்ஹிதுகளின் தலைவர் அப்துல் முஃமின் துனிஸையும் மஹ்தியாவையும் கைப்பற்றியபோது, இஸ்லாத்தை ஏற்பதா, இறப்பதா என்று யூதர்களும் கிறிஸ்தவர்களும் கேட்கப்பட்டனர். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் தெளிவான கட்டளை இருக்கவே இது நடந்தது. இதே முவஹ்ஹிதுகளின் ஆட்சியிலிருந்து தப்பிய குர்துபாவின் மூஸா இப்னு மைமூனுக்குப் புகலிடம் தந்ததும் முஸ்லிம் நாடுதான் என்பதை உடன் சொல்ல வேண்டும். அவர் எகிப்தில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சருக்கு மருத்துவராக இருந்தார்.

1857இல் துனிஸில் பாட்டோ ஸ்ஃபெஸ் என்னும் யூத வண்டிக்காரர், தெருச் சண்டையில் இஸ்லாத்தை நிந்தித்தார் எனக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். அதனால் எழுந்த கொந்தளிப்பும் பிரெஞ்சுக் கடற்படையின் நெருக்குதலும் சேர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் முஹம்மது பே 'அஹ்துல் அமான்' என்னும் பிரகடனத்தை வெளியிட்டார். மதவேறுபாடின்றி அனைவர்க்கும் பாதுகாப்பும் சட்டத்தின் முன் சமத்துவமும் உண்டு என அது அறிவித்தது. அதன் வாசகத்தை வரைந்தவர் இப்னு அபீ ழியாஃப் என்னும் முஸ்லிம் அறிஞர். அந்நியர் நெருக்கியதால் வந்த நீதி என்று சிலர் அதனைக் குறைத்துப் பேசுவர். நெருக்கும் வரை நாம் ஏன் காத்திருந்தோம் என்று கேட்பதே எனக்குச் சரியெனப் படுகிறது.

1942 நவம்பர் முதல் 1943 மே வரை துனீசியா ஜெர்மானிய நாஜிப் படையின் பிடியில் இருந்தது. யூத ஆண்கள் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 1943இல் ஜெர்பாவுக்கு வந்த படையினர், சில மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் தராவிட்டால் குண்டு வீசுவதாக மிரட்டினர். வீடு வீடாகச் சென்று பெண்களின் கழுத்திலும் கையிலும் இருந்தவற்றைத் திரட்டிக் கொடுத்தனர். பொற்கொல்லரின் பாட்டி அன்று கழற்றிக் கொடுத்த வளையலின் எடையை அவர் இன்றும் சொல்கிறார். அதே மாதங்களில் மஹ்தியாவைச் சேர்ந்த காலித் அப்துல் வஹ்ஹாப் என்னும் நிலக்கிழார், சுமார் இருபத்தைந்து யூதர்களைத் தம் பண்ணையில் மறைத்து வைத்துக் காத்தார். அன்றைய ஆட்சியாளர் முன்ஸிஃப் பே, யூதர்களும் தம் குடிமக்களே என்று உறுதியாக நின்றார். நேச நாட்டுப் படைகள் வென்றதும் பிரெஞ்சு அரசு அவரைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தியது.

1948க்குப் பின் வெளியேற்றம் தொடங்கியது. சிலர் சமயப் பற்றினால் சென்றனர், சிலர் வறுமையால், சிலர் பிரான்சின் குடியுரிமை பெற்று. அச்சத்தால் சென்றவரும் உண்டு. 1967 ஜூன் 5 அன்று, அரபு-இஸ்ரேல் போர் மூண்ட செய்தி வந்ததும், துனிஸின் பெரிய யூதக் கூடமும் கடைகளும் தீக்கிரையாயின. அதிபர் பூர்கீபா அன்றே வானொலியில் கண்டித்தார். ஆயினும் கப்பல்கள் நிறைந்தன. 1985இல் துனிஸ் அருகே பலஸ்தீன இயக்கத்தின் தலைமையகத்தை இஸ்ரேல் குண்டுவீசித் தகர்த்த சில நாட்களில், ஜெர்பாவில் காவலுக்கு நின்றவனே தொழ வந்த யூதர்களைச் சுட்டான். 2002 ஏப்ரல் 11 அன்று அல்கரீபாவின் மதிலருகே எரிவாயு ஏற்றிய வண்டி வெடிக்கப்பட்டதில் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர், அவர்களுள் மிகுதியானோர் ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள், துனீசியரும் இருந்தனர். 2023 மே 9 அன்று யாத்திரையின்போது மற்றொரு காவலன் சுட்டதில் யாத்ரீகர் இருவரும் பாதுகாப்பு வீரர் மூவரும் உயிரிழந்தனர். அந்த வீரர் மூவரும் முஸ்லிம்கள். இச்செய்தியை நம் ஏடுகளில் நான் காணவில்லை.

'பலஸ்தீனத்தில் இவ்வளவு நடக்கும்போது யூதர்களைக் காணப் போனீரா?' என்று ஊர் திரும்பியதும் ஒருவர் கேட்டார். காஸாவின் பிள்ளைகளுக்காக அழாத முஸ்லிம் இல்லை. நானும் ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்காகக் கையேந்துகிறேன். ஆனால் ஹூமத் ஸூக்கில் மோதிரம் செய்பவரை அதற்குப் பொறுப்பாளியாக்க மார்க்கத்தில் எங்கே இடமிருக்கிறது? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதை நாம் ஓதுகிறோம். எங்கோ எவரோ செய்ததற்கு நம் தெருவில் நம்மை நிறுத்திக் கணக்குக் கேட்கும் அநீதியை அனுபவத்தில் அறிந்த சமூகம் நாம். 2023 அக்டோபரில் துனீசியாவின் ஹம்மாவில் பல நூற்றாண்டுப் பழமையான ஒரு யூதப் பெரியாரின் அடக்கத்தலத்தை ஆர்ப்பாட்டக்காரர் சிலர் கொளுத்தி இடித்தனர். அதனால் காஸாவில் ஒரு குழந்தைக்கேனும் ஒரு வாய் நீர் கிடைத்ததா?

பொற்கொல்லரிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே பேசினார். அவருடைய அண்ணன் பாரிஸில் இருக்கிறார், தங்கை இஸ்ரேலில். 2023க்குப் பின் யாத்திரைக்கு வருவோர் மிகக் குறைந்துவிட்டனர். ஊரின் நுழைவாயிலில் காவல் கூடியிருக்கிறது. ஏன் நீங்கள் போகவில்லை என்றதற்கு, நேரடியாக விடை சொல்லவில்லை. கடையின் எதிரே மசாலா விற்பவரைக் காட்டினார். சனிக்கிழமைகளில் தம் கடைக்கு யாரேனும் வந்தால் ஞாயிறன்று வருமாறு சொல்லி அனுப்புபவர் அவரே என்றார். 2002இல் வெடிச்சத்தம் கேட்டதும் தம் பிள்ளைகளைத் தேடி ஓடியவரும் அவரே என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேரன் அன்று முதன்முதலாக ஷரஹை முழுப் பகுதியும் ஒப்பிக்கிறானாம். பட்டறையின் விளக்கை அணைத்துவிட்டு, என்னையும் உடன் வரச் சொன்னார்.